பெருமாளுக்கு ஒரு கை மண்

என்ன பாஸு, நடை சாத்தி அஞ்சு நிமிசம்கூட ஆகல, கரெக்டா வந்து கதவத் தள்ளுறீங்க? தள்ளுங்க, தள்ளுங்க. நல்லா தோளு குடுத்துத் தள்ளுங்க. உள்ள பெருமாள் இப்பதான் சாப்ட்டுக் கண்ணசந்திருப்பாரு. எந்திரிச்சு வந்து, "வாங்க வாங்க, கோயம்புத்தூரா?"ன்னு கேப்பாரு. பயப்படாதீங்க, ஞானதிருஷ்டி எல்லாம் இல்ல, வண்டி நம்பரப் பாத்தேன். நாலு பேரு வந்திருக்கீங்க, நாலு கையிலயும் போனு. எந்த ஊர்ல பரோட்டா நல்லாருக்கும்னு பாக்கத் தெரியுது, கோயில் எப்ப சாத்துவாங்கன்னு பாக்கத் தெரியல. நல்லா வருவீங்க.

இனிமே நாலு மணிக்குத்தான். உக்காருங்க. தாடி பாஸ், நீங்க அந்தத் தூணுக்கு அடியில வேணாம். மேல பொறா இருக்கு. வர்றவங்களுக்கு மொத ஆசீர்வாதம் அதுதான் பண்ணும்.

நானா? ரங்கமன்னாரு. ஊர்ல மன்னாருன்னுதான் கூப்புடுவாங்க. கம்பெனி எல்லாம் கெடையாது, நான் மட்டும்தான். பாலிடெக்னிக்ல ரெண்டு வருசம் படிச்சேன், அதுக்கு மேல அவங்களால தாங்க முடியல. அப்பறம் செல்போன் கடை, கொரியரு, கல்யாண வீட்டுப் பந்தி. எல்லா எடத்துலயும் ஒரு மாசம், மிஞ்சிப்போனா ஒன்றரை மாசம். "ஒரு எடத்துல நெலையா நில்லுடா"ன்னு எங்கப்பா சொல்லிச் சொல்லிப் பாத்தாரு. கடைசியில பல்லக்குக்கு அடியில கொண்டுபோய் நிறுத்திட்டாரு. சாமி தூக்குற குடும்பம் நாங்க. தோள்ல தண்டு ஏறிருச்சுன்னா ஓட முடியாது பாருங்க. அப்பாவுக்கு மூளை ஜாஸ்தி.

கேமரா பாஸ், அது வீடியோ எடுக்குறதுதானே? யூடியூபா? எத்தன பேரு பாக்குறாங்க? எம்பதாயிரமா! அப்ப நீங்க சும்மா வரல, பெருமாள்தான் அனுப்பியிருக்காரு. ஒரு கதை சொல்றேன், எடுத்துப் போடுங்க. கதை இல்ல, அநியாயம். இன்னைக்கு நாலு மணிக்கு நடை தெறந்ததும் இதே மண்டபத்துல கூட்டம் போட்டு ஒரு குடும்பத்தோட உரிமையப் புடுங்கப் போறாங்க. வெளியூர்க்காரங்க நீங்க நாலு பேரு நின்னு, "ஏங்க, இது தப்பாச்சே"ன்னு சொன்னா கொஞ்சம் யோசிப்பாங்க. உள்ளூர்க்காரன் நான் சொன்னா, "போடா மன்னாரு"ங்குறாங்க.

மொதல்ல பெருமாள் கதையக் கேளுங்க, அப்பத்தான் புரியும். இவரு பேரு தாகந்தீர்த்த பெருமாள். முன்ன ஒரு காலத்துல, எந்தக் காலம்னு கேக்காதீங்க, அந்தப் போர்டுல "பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்"னு போட்டிருக்கான், எழுதுனது போன வருசம். அப்ப இந்த வடகுளத்தூர்ல மழையே இல்ல. குளம் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. பெருமாள் வழிப்போக்கன் வேசம் போட்டுக்கிட்டு வாராரு. உச்சி வெயிலு. வீடு வீடாத் தண்ணி கேக்குறாரு. பெரிய வீடெல்லாம் கதவச் சாத்திட்டான். கடைசியில வேளார் தெரு. மண்பானை செய்யிறவங்க தெரு. மொத வீட்டுல ஆண்டாயின்னு ஒரு அம்மா. வீட்டுல ஒரு வாய்த் தண்ணி இருக்கு, ஊத்திக் குடுக்கத்தான் பாத்திரம் இல்ல. சுட்டதெல்லாம் சந்தைக்குப் போயிருச்சு. சூளையில வைக்காத ஒரு கலயம் மட்டும் காயுது. பச்ச மண்ணு. அதுல தண்ணி ஊத்துனா என்னாகும்? கரைஞ்சு கையோட வந்துரும். அந்தம்மா யோசிக்கவே இல்லியே! ஊத்தி நீட்டிருச்சு.

கரையல பாஸு. அவரு குடிச்சு முடிக்கிற வரைக்கும் கல்லு மாதிரி நின்னுச்சாம். "வருசா வருசம் ஒன் வாசலுக்கு வருவேன், நீ குடிக்கக் குடுத்து, போய்ட்டு வான்னு சொல்ற வரைக்கும் நகர மாட்டேன்"னு சொல்லிட்டு மறைஞ்சாராம்.

இதுல ஒண்ணு கவனிச்சீங்களா? தாகத்தத் தீத்து வச்சது ஆண்டாயி. பட்டத்த வாங்கிக்கிட்டது இவரு. இத நான் பட்டர்சாமிகிட்டயே கேட்டேன். "படிப்பு ஏறல, வாய் மட்டும் கோபுர ஒசரத்துக்கு வளந்துருக்குடா ஒனக்கு"ன்னாரு. பதில் சொல்லல பாருங்க.

சரி. அதுலேருந்து முறை என்னன்னா, பங்குனித் திருவிழாவுல ஏழாம் நாளு உச்சி வேளைக்குப் பல்லக்கு வேளார் தெரு மொத வீட்டு வாசல்ல போயி நிக்கும். நிக்கும்னா சும்மா நிக்காது. நாங்க மூணு எட்டு முன்னால வைப்போம், மூணு எட்டுப் பின்னால வைப்போம். பெருமாள் நகர மாட்டேன்னு அடம் புடிக்கிறாராம். அடம் அவருக்கு, தோளு யாருக்கு? அப்ப அந்த வீட்டுப் பொம்பள பச்ச மண் கலயத்துல பானகம் கொண்டாந்து நீட்டணும். பட்டர்சாமி வாங்கிப் பெருமாளுக்குக் காட்டுவாரு. அப்பறம் அவங்க, "தாகம் தீந்துச்சா? போய்ட்டு வாங்க"ன்னு சொல்லணும். சொன்னாத்தான் பல்லக்கு நகரும்.

இப்ப அந்த வீட்டுல இருக்குறது செங்கமலம் அக்கா. நாப்பது வயசு இருக்கும். கட்டிக் குடுத்த எடத்துலேருந்து பத்து வருசம் முன்னாடி திரும்பி வந்துருச்சு. ஏன் வந்துச்சுன்னு ஊர்ல யாருக்கும் தெரியாது, அதனால ஆளுக்கொரு காரணம் வச்சிருக்காங்க. பொங்கப் பானை, அகல் வெளக்கு, இப்ப பைபாஸ்ல டீக்கடைக்கு மண் கப்பு. தானே செய்யுது, தானே சூளை வைக்குது. மத்த நாள்ல அந்தக்கா தெருவுல போனா நிமிந்து பாக்க ஆளு கெடையாது. கல்யாணம் காட்சிக்குக் கூப்புட மாட்டாங்க. ஆனா ஏழாம் நாளு? அந்தக்கா வாயத் தொறந்து "போய்ட்டு வாங்க"ன்னு சொல்ற வரைக்கும் தர்மகர்த்தாவும் வெயில்ல நிக்கணும், பட்டரும் நிக்கணும், பெருமாளும் நிக்கணும். அந்த ஒரு வார்த்தைதான் பாஸு அந்த வீட்டுச் சொத்து. அதத்தான் இன்னைக்குப் புடுங்கப் போறாங்க.

ஏன்னா இந்த வருசம் கலயம் கரைஞ்சிருச்சு.

என்ன, கரையத்தானே செய்யும்னா? கரையாது தாடி பாஸ், அதுதானே விசயமே! சும்மா செஞ்சா கரையும். அந்தக்கா கலயத்த வனைஞ்சு, நெழல்ல வச்சு ஆறு நாளு காயவிட்டு, உள்பக்கம் கூழாங்கல்லால தேய் தேய்னு தேய்க்கும். மொகம் தெரியிற அளவுக்குத் தேய்க்கும். பத்து நிமிசம் தாங்கும். ஊரே பெருமாள் அதிசயம்னு கன்னத்துல போட்டுக்கும். நான் அந்தக்கா கைய ஒருநாள் பாத்தேன், ரேகையே இல்ல. அதிசயம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.

மண்ணா? மண்ணு கோயில் குளத்து மண்ணுதான். அதுவும் முறை. கொடியேத்தத்தன்னைக்குச் சாமி தூக்குறவங்கள்ல ஒருத்தரு குளத்துக்குள்ள எறங்கி, நடு மண்டபத்துப் படிக்கிட்ட முங்கி, ஒரு கை களிமண்ணு எடுத்து, துளசி வச்சு, வாழை எலையில மடிச்சுக் கொண்டுபோய்க் குடுக்கணும். அந்த மண்ணுதான் அழைப்பு. பத்திரிகை மாதிரி வச்சுக்கங்க. அது வந்தாத்தான் சக்கரத்துல ஒக்காருவாங்க. கோயில்லேருந்து வந்த மண்ணுல வேற மண்ணு கலக்கக் கூடாது, வந்தத மாத்தவும் கூடாது. இந்த வருசம் என் முறை. நான்தான் கொண்டுபோனேன். அத விடுங்க. கரைஞ்ச கதையச் சொல்றேன்.

ஏழாம் நாளு. வெயிலுன்னா வெயிலு, ரோட்டுத் தாரு காலோட வருது. நான் முன்தண்டு. மூணு எட்டு முன்ன, மூணு எட்டுப் பின்ன. அக்கா மஞ்சச் சேலை கட்டிக்கிட்டு வெளிய வந்துச்சு. கையில கலயம். எப்பவும் மெலிசா, பூ மாதிரி இருக்கும். இந்தத் தடவ நல்லா மொத்தமா, நாட்டுப்புறத்து உண்டியல் மாதிரி. பானகத்த ஊத்துச்சு. பட்டர்சாமி கைய நீட்டுனாரு. அவரு கைக்குப் போறதுக்கு முன்னாடி அடிப்பாகம் அப்பிடியே விட்டுருச்சு. பொலபொலன்னு. பானகம் பூரா அக்கா சேலையில, பட்டர் கால்ல. கையில வெறும் சேறு.

மேளக்காரரு அடிச்சுக்கிட்டு இருந்தவரு, குச்சிய மேல தூக்குனாப்புலயே நின்னுட்டாரு.

அப்பறம் ஆரம்பிச்சாங்க பாருங்க. "அபசகுனம்"ங்குது ஒண்ணு. "வாழாவெட்டி கையால வாங்குனா இப்பிடித்தான்"ங்குது இன்னொண்ணு. பத்து வருசமா அதே கையாலதானடா வாங்குனீங்க, அப்ப எங்க போச்சு ஒங்க சகுனம்? எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். தண்டு தோள்ல இருக்கு, இல்லேன்னா...

இல்லேன்னா என்ன பண்ணியிருப்பேன்னா? ஏதாச்சும் பண்ணியிருப்பேன். குறுக்க கேள்வி கேக்காதீங்க.

தர்மகர்த்தா கோதண்டபாணி முன்னால வந்தாரு. ரைஸ்மில்லுக்காரரு. இந்த வருசம்னு இல்ல, ரொம்ப நாளாவே அவருக்குப் பெருமாள் தன் வீட்டு வாசல்ல நிக்கணும்னு ஆசை. வெள்ளியில கலயம் செஞ்சு பீரோவுல வச்சிருக்காருன்னு ஊருக்கே தெரியும். அவரு அக்காவப் பாத்து, "ஏம்மா, மண்ணுல குறையா, கையில குறையா?"ன்னு கேட்டாரு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி.

இங்கதான் பாஸு எனக்கு வயிறு எரியுது. இந்த எடத்துலதான். ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுச்சு. "மண்ணு சரியில்லங்க"ன்னு சொல்ல வேண்டியதுதானே? மண்ணோட பொறந்து மண்ணோட வளந்த பொம்பள, அதுக்குத் தெரியாதா? அது அப்பிடியே நிமிந்து பல்லக்கப் பாத்துச்சு. பல்லக்குன்னா, பல்லக்குக்குக் கீழ, நாங்க நிக்கிற பக்கம். பாத்துட்டு, "மண்ணு கோயில் குடுத்தது. அதக் குறை சொல்ல எனக்கு வாய் வராதுங்க"ன்னுச்சு.

"அப்ப கையா?"

"கைன்னே வச்சுக்கங்க."

வச்சுக்கங்கவாம்! யாராச்சும் இப்பிடிப் பேசுவாங்களா பாஸு? நாயக் கூப்புட்டு எலும்பக் குடுக்குற மாதிரி அந்தாளு கையில தூக்கிக் குடுத்துருச்சு. இந்த ஊர்ல நல்லவங்களா இருக்குறவங்க எல்லாம் இப்பிடித்தான், வாயில கொழக்கட்டைய வச்சுக்கிட்டு நிப்பாங்க. அப்பறம் எங்கேருந்து நியாயம் கெடைக்கும்?

அதோட விட்டாங்களா? அக்கா கையக்கூடக் கழுவல, சேத்தோட நிக்குது. "போய்ட்டு வாங்க" சொல்லல. சொல்றதுக்கு யாரும் கேக்கல. கோதண்டபாணி கையக் காட்டி, "தூக்குங்கடா, நேரமாச்சு"ன்னாரு. எங்க காலம், எங்கப்பா காலம், அவங்கப்பா காலம், சொல்லாமக் கௌம்புனதே கெடையாது. அன்னைக்குக் கௌம்புனோம். நானும்தான். முன்தண்டு நின்னா மொத்தப் பல்லக்கும் நின்னுரும். நான் நிக்கல, நடந்துட்டேன்.

எங்கப்பா வீட்டுல வந்து ரெண்டு நாளு சோறு திங்கல. "பெருமாளத் திருட்டுப்புள்ள மாதிரி தூக்கிட்டு வந்துட்டமே"ன்னு பொலம்புறாரு. அவருகிட்டயும் சொன்னேன், "கூட்டத்துல எந்திரிச்சுக் கேளுங்கப்பா"ன்னு. "நீ கேளேன்டா, வாய்க்காரன் நீதானே"ங்குறாரு. பட்டர்சாமிகிட்ட போனேன். "சாமி, நீங்க சொன்னா எடுபடும்"னேன். "என்னன்னு சொல்றது? கரைஞ்சது கரைஞ்சதுதானே"ங்குறாரு. எங்க ஆளுங்ககிட்ட, சாமி தூக்குறவங்க பதினாறு பேருகிட்டயும் பேசிட்டேன். ஒருத்தனுக்கும் முதுகெலும்பு கெடையாது. எப்பிடித்தான் பல்லக்குத் தூக்குறானுங்களோ.

அதனாலதான் ஒங்களப் புடிச்சேன். கேமரா பாஸ், நீங்க ஒண்ணு பண்ணுங்க. கோதண்டபாணி பேசுறப்ப போனத் தூக்கி அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டுங்க. எம்பதாயிரம் பேருன்னு சொல்லுங்க. மனுசன் வெலவெலத்துப் போயிருவாரு. தாடி பாஸ், நீங்க பாத்தா படிச்ச ஆளு மாதிரி இருக்கீங்க, நீங்க எந்திரிச்சு, "கை சரியில்லன்னு எப்பிடிங்க சொல்றீங்க? வேற ஏதாச்சும் காரணம் இருக்கலாமே?"ன்னு பொதுவா ஒரு கேள்வி போடுங்க. பொதுவா. ரொம்ப நோண்ட வேணாம்.

என்ன பாஸு? திரும்பத் திரும்ப மண்ணுலயே நிக்கிறீங்க? நீங்க என்ன, போலீஸா? மண்ணக் குடுத்தப்ப அது என்ன சொல்லுச்சா? ஒண்ணும் சொல்லல. வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு, எலையப் பிரிச்சு, ஒரு கிள்ளு எடுத்து வெரல்ல தேச்சுப் பாத்துச்சு. மோந்து பாத்துச்சு. நாக்குல வச்சுப் பாத்துச்சு, அவங்க அப்பிடித்தான் பாப்பாங்க. "என்னடா மன்னாரு, நறநறங்குது? குளத்து மண்ணுதானே?"ன்னுச்சு. "வேற எங்கேருந்துக்கா வரும்?"னேன். "இல்லடா, குளத்துல முங்குனவன் மாதிரி தெரியலியே, தல காஞ்சிருக்கு"ன்னுச்சு. "வெயிலுக்குக் காஞ்சிருச்சு"ன்னேன். எலையத் திரும்ப மடிச்சுச்சு. அப்பறம் உள்ள கொண்டுபோயிருச்சு. அவ்வளவுதான். அது எப்பவுமே அப்பிடித்தான், நை நைன்னு கேட்டுக்கிட்டு இருக்கும்.

ஏன் நாலு பேரும் சேந்து என்னப் பாக்குறீங்க? மூஞ்சியில என்ன இருக்கு, பொறா ஏதாச்சும் பண்ணிருச்சா?

இருங்க இருங்க. சத்தம் போடாதீங்க. அந்தா வருது பாருங்க, பச்சச் சேல. அதான் செங்கமலம் அக்கா. மணி மூணுகூட ஆகல, அதுக்குள்ள வருது பாருங்க. தண்டனைக்குக்கூட முன்னாடியே வந்து ஒக்காருது.

"வாக்கா."

"யாருடா இவங்க?"

"வெளியூருக்கா. கோயில் பாக்க வந்தவங்க. கதை சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"இவன் சொல்றதுல பாதியத் தள்ளிட்டுக் கேளுங்க தம்பிங்களா. சாப்ட்டியாடா மன்னாரு?"

"ஆச்சுக்கா."

"பொய் சொல்லாத, கண்ணு உள்ள போயிருக்கு. ஒங்கப்பா சொன்னாரு, நீ எனக்காக ஊரெல்லாம் சண்ட போட்டுக்கிட்டுத் திரியிறன்னு. வேணாம்டா. கூட்டத்துல நீ எந்திரிக்காத."

"அதெப்பிடிக்கா சும்மா இருக்குறது?"

"சொன்னாக் கேளு. நீ எந்திரிச்சா, மண்ணு யாரு கொண்டாந்தான்னு பேச்சு வரும். ஒனக்குத் தூக்குற முறை போயிரும். ஒங்கப்பா அதுக்கப்பறம் இருக்க மாட்டாரு. என் வீட்டோட போகட்டும். எனக்கு அப்பறம் அந்த வாசல்ல நிக்க யாரு இருக்கா? புள்ளையா குட்டியா?"

"அக்கா..."

"வாய மூடிக்கிட்டு இரு. ஒன் வாழ்க்கையில ஒரு தடவ."

பாத்தீங்களா? போயிருச்சு. அந்தக் கொடிமரத்துப் பக்கம் வெயில்ல போயி ஒக்காந்துருச்சு. இங்க இவ்வளவு நெழல் இருக்கு.

கேமரா பாஸ், ஒண்ணும் எடுக்க வேணாம், கீழ வைங்க. நீங்களும் கூட்டத்துல ஒண்ணும் கேக்க வேணாம். நீங்க கேட்டு என்ன ஆகப்போவுது? கோதண்டபாணிய நான் திட்டுனதெல்லாம் உண்மைதான், அதுல மாத்தமில்ல. பட்டரு, எங்க ஆளுங்க, எல்லாம் பயந்தாங்கொள்ளிங்க, அதுவும் உண்மைதான்.

ஆனா நான் குளத்துல எறங்கவே இல்ல பாஸு.

கொடியேத்தத்தன்னைக்குப் பக்கத்து ஊர்ல மேட்ச்சு. பசங்க வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு ஹாரன் அடிக்கிறானுங்க. குளம் பூரா ஆகாயத்தாமரை, அட்டை வேற. போட்டிருந்தது புதுச் சட்டை. போற வழியில பைபாஸ் பாலத்துக்குத் தோண்டிக் கொட்டியிருந்த மண்ணுல ஒரு கை அள்ளுனேன். தண்ணி பாக்கெட்டப் பிச்சு ஊத்திப் பெசஞ்சேன். எலையில மடிச்சு, மேல துளசிய வச்சேன். தல காஞ்சிருக்கேன்னு அந்தக்கா கேட்டப்ப வெயிலுன்னு மட்டும் சொல்லல. பெருமாள் மேல சத்தியம்னேன்.

அந்தக்கா கையில ஒரு குறையும் இல்ல. அது எனக்குத் தெரியும், அந்தக்காவுக்கும் தெரியும். கலயத்தக் கரைச்சது நான்தான்.